விமான சிமுலேட்டருக்கு ஒரு கணினி: ரைசன் 7 7800எக்ஸ்3டி ப்ராசஸரும் அதைச் சுற்றி வாங்கிய பாகங்களும்

விமான சிமுலேட்டருக்கென்று கணினி வாங்கப் போகிறவர், கேமிங் கணினிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கை அப்படியே பின்பற்றினால் பணம் தவறான பாகத்தில் போய் முடங்கிவிடும். பட்ஜெட்டில் பாதியைக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்க வேண்டும், ப்ராசஸர் நடுத்தரமாக இருந்தால் போதும் என்பதுதான் அந்தக் கணக்கு. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்கும் பெரும்பாலான கதை விளையாட்டுகளுக்கும் அது பொருந்தும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், எக்ஸ்-ப்ளேன் 12, போர் விமானங்களுக்கான டிசிஎஸ் வேர்ல்டு போன்றவற்றுக்கு அது பொருந்துவதில்லை. இவற்றில் முதலில் மூச்சு வாங்குவது பெரும்பாலும் ப்ராசஸர்தான். ஆகவே ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 7800எக்ஸ்3டியை நடுவில் வைத்து, அதற்கு ஏற்றபடி மற்ற பாகங்களைத் தேர்ந்தெடுத்த ஒரு கணினியைப் பற்றிய மதிப்புரை இது. நான் இதை முக்கியமாக மைக்ரோசாஃப்ட்டின் 2020, 2024 ஆகிய இரு பதிப்புகளுக்கும், அவ்வப்போது எக்ஸ்-ப்ளேனுக்கும் பயன்படுத்துகிறேன்.

ப்ராசஸருக்கு ஏன் இவ்வளவு சுமை என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஏர்பஸ் ஏ320 ஒன்றில் அமர்ந்து மீனம்பாக்கத்தை நெருங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். திரையில் தெரியும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (அதாவது ஒவ்வொரு படத்துக்கும்) முன்னதாக இறக்கைகளின் மீதான காற்றின் விசை, ஆட்டோ பைலட்டின் முடிவு, ஹைட்ராலிக் அழுத்தம், எரிபொருள் அளவு, காக்பிட்டில் உள்ள அரை டஜன் திரைகளின் உள்ளடக்கம், அருகில் பறக்கும் பிற விமானங்களின் இடம், அந்த நேரத்து வானிலை, இனி கண்ணில் படப்போகும் தரைப்பகுதி என எல்லாவற்றையும் கணக்கிட்டாக வேண்டும். விநாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் இத்தனைக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவிநாடி, 30 ஃப்ரேம் போதும் என்றால் 33.3 மில்லிவிநாடி. இவற்றுள் பல வேலைகள் ஒன்றன் முடிவை ஒன்று எதிர்பார்ப்பவை என்பதால், ப்ராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் கோர்கள் எட்டு இருந்தாலும் பதினாறு இருந்தாலும் பெரும்பகுதி ‘மெயின் த்ரெட்’ எனப்படும் ஒரே வரிசையில்தான் ஓடுகிறது. 2024 பதிப்பில் வேலையைப் பல த்ரெட்களுக்குப் பகிர்ந்தளிப்பது மேம்பட்டிருக்கிறது. டிசிஎஸ்ஸும் 2023இல் பல த்ரெட் முறைக்கு மாறியது. ஆனாலும் அந்த ஒற்றை வரிசை மறைந்துவிடவில்லை.

இதை யாரும் நம்பிக்கையின் பேரில் ஏற்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை இயக்கி, அதன் மெனுவில் உள்ள எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்) காட்டியைத் திறந்தால், திரையின் மூலையில் ஒரு சிறு பெட்டி தோன்றும். ஃப்ரேம் வேகத்தைத் தடுத்துக்கொண்டிருப்பது யார் என்று அது ஒரே வரியில் சொல்லும்: ‘லிமிடெட் பை மெயின்த்ரெட்’ அல்லது ‘லிமிடெட் பை ஜிபியு’ (ஜிபியு என்பது கிராபிக்ஸ் கார்டின் சில்லு). நடுக்கடலின் மேல் 35,000 அடியில் பறக்கும்போது பெரும்பாலும் ஜிபியு என்றுதான் காட்டும். அதே விமானத்தை லண்டன் ஹீத்ரோவுக்கோ நியூயார்க் ஜேஎஃப்கேவுக்கோ இறக்கும்போது அந்த வரி மெயின்த்ரெட் என்று மாறும். மாறிய பிறகு எவ்வளவு விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டைச் செருகினாலும் ஃப்ரேம் எண்ணிக்கை ஏறாது. புதிதாக எதையேனும் வாங்கும் முன், தற்போது வைத்திருக்கும் கணினியிலேயே இந்தப் பெட்டியைத் திறந்து, தாம் வழக்கமாகப் போகும் விமான நிலையத்தில், வழக்கமாக ஓட்டும் விமானத்தில் என்ன காட்டுகிறது என்று ஒருவர் பார்த்துக்கொள்வது எந்த மதிப்புரையைப் படிப்பதைவிடவும் பயனுள்ளது, இதையும் சேர்த்து.

7800எக்ஸ்3டி இந்த நெருக்கடிக்கு எப்படி உதவுகிறது? எண்களைப் பார்த்தால் அது அப்படியொன்றும் அசுர வேகக்காரன் அல்ல. எட்டு கோர், பதினாறு த்ரெட், உச்ச வேகம் 5 கிகாஹெர்ட்ஸ். அதே தலைமுறையின் 7700எக்ஸ் 5.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். வேறுபாடு ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய, அதிவேக எல்3 கேஷ் நினைவகத்தில் இருக்கிறது. 7700எக்ஸில் அது 32 எம்பி. இதில் கோர்களின் மேல் 64 எம்பி கொண்ட தனிச் சில்லு ஒன்றை அடுக்கி, மொத்தம் 96 எம்பி ஆக்கியிருக்கிறார்கள். கேஷிலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ 10 நானோவிநாடி ஆகும் என்றால், அது அங்கே இல்லாமல் கணினியின் பொது நினைவகமான ரேம் வரை போய் எடுத்துவர ஏறத்தாழ 70 நானோவிநாடி ஆகும். சமையலின் நடுவே கடுகுக்கு அஞ்சறைப்பெட்டியில் கைவைப்பதற்கும், ஒவ்வொரு முறையும் ஸ்டோர் ரூமுக்குப் போய் டப்பாவைத் திறப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. விமான சிமுலேட்டர் சிதறிக் கிடக்கும் ஏராளமான சிறு தரவுகளைத் திரும்பத் திரும்பத் தொடுகிற மென்பொருள் என்பதால், கேஷ் பெரிதானால் அதற்குக் கிடைக்கும் பலன் மற்ற விளையாட்டுகளுக்குக் கிடைப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.

இந்த உத்தியை விளையாட்டுக்கான ப்ராசஸரில் ஏஎம்டி முதலில் கொண்டுவந்தது 2022 ஏப்ரலில், 5800எக்ஸ்3டி மூலம். 7800எக்ஸ்3டி 2023 ஏப்ரலில் 449 டாலருக்கு அறிமுகமானது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கூடுதல் கேஷைக் கோர்களுக்கு அடியில் வைத்துவிட்டார்கள்; அதனால் கோர்களின் வெப்பம் தடையின்றிக் கூலருக்குப் போய்ச் சேர, உச்ச வேகம் 5.2 கிகாஹெர்ட்ஸ் ஆயிற்று. புதியது வேகமானதுதான், ஐயமில்லை. ஆனால் கேஷ் அளவு இரண்டிலும் ஒன்றே. கடையில் இரண்டுக்கும் இடையே விலை வேறுபாடு சிறிதாக இருந்தால் 9800எக்ஸ்3டியை எடுத்துக்கொள்ளலாம். பெரிதாக இருந்தால் அந்த மிச்சத்தை ரேமிலோ கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்திலோ போடுவதே சிமுலேட்டருக்கு நல்லது என்பது என் கருத்து. பதினாறு கோர் கொண்ட 7950எக்ஸ்3டியை நான் ஒதுக்கியதற்குக் காரணம் விலை மட்டும் அல்ல. அதில் இரு பகுதிகளாகப் பிரிந்துள்ள கோர்களில் ஒரு பகுதிக்கு மட்டுமே கூடுதல் கேஷ் உண்டு. விளையாட்டைச் சரியான பகுதியில் ஓடவைக்கும் பொறுப்பு விண்டோஸையும் அதன் கேம் பாரையும் சார்ந்திருக்கிறது. வீடியோ எடிட்டிங்கையும் தொழிலாகச் செய்பவருக்கு அந்தச் சிக்கல் பொருட்படுத்தத் தக்கதாக இருக்காது. பறப்பதற்கு மட்டுமே கணினி வாங்குபவர் அதை ஏன் விலைகொடுத்து வாங்க வேண்டும்?

இன்டெல் பக்கம் பார்க்காமல் இல்லை. 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 ப்ராசஸர்கள் சிமுலேட்டரில் நன்றாகவே ஓடக்கூடியவை. ஆனால் அவற்றில் வெளிப்பட்ட மின்னழுத்தக் கோளாறும், 2024இல் அதற்காக இன்டெல் மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள்நிரல்) திருத்தம் வெளியிட்டு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்ததும் ஊரறிந்த செய்தி. அதோடு ஐ9-14900கே உச்சத்தில் 253 வாட் வரை இழுக்கும். 7800எக்ஸ்3டியின் டிடிபி (வெப்பத்தை வைத்து நிறுவனம் குறிக்கும் மின் அளவு) 120 வாட் என்றாலும் பறக்கும்போது பெரும்பாலும் அதில் பாதியளவோடு நின்றுவிடுகிறது. மே மாதச் சென்னையில் குளிர்சாதனம் இல்லாத அறையில் உட்கார்ந்து மூன்று மணி நேரப் பயணத்தை ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு மின்கட்டணத்தில் தெரிவதற்கு முன்பே நெற்றியில் தெரிந்துவிடும்.

பயன்பாட்டில் இது எப்படி இருக்கிறது? ஃப்ரேம் எண்ணிக்கை உயர்ந்ததைவிட, திணறல் குறைந்ததுதான் நான் முதலில் உணர்ந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மீனம்பாக்கத்தில் 25ஆம் ஓடுபாதையில் இறங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கக் கடல் மேலிருந்து கரையைத் தாண்டி, நகரத்தின் தென்பகுதி வீடுகளின் மேலாக, பரங்கிமலைக்கு அருகே தாழ்ந்து வருகிறோம். கடல் முடிந்து நகரம் தொடங்கும் இடத்தில், கட்டடங்களும் மரங்களும் ஒரே நேரத்தில் நினைவகத்துக்கு வந்து குவிவதால், பழைய கணினியில் படம் ஒரு கணம் உறைந்து நிற்கும். உயரத்தில் அது வெறும் எரிச்சல். தரையை நெருங்கும்போது நிலைமை வேறு. ஏ320 நிமிடத்துக்கு 700 அடி வீதம் இறங்குகிறது என்றால் விநாடிக்குப் பதினோரு அடிக்குச் சற்று மேல். அரை விநாடி படம் உறைந்தால் ஏறத்தாழ ஆறு அடி காணாமல் போய்விடும். காக்பிட்டின் குரல் ‘ஃபிஃப்டி, ஃபார்ட்டி, தர்ட்டி’ என்று எண்ணிக்கொண்டுவரும் இடத்தில், மூக்கை மெல்ல உயர்த்த வேண்டிய அந்த முப்பது அடியில், ஆறு அடி என்பது மென்மையான தரையிறக்கத்துக்கும் தடாலென்று விழுவதற்கும் இடைப்பட்ட தூரம். இந்தப் ப்ராசஸருக்கு மாறிய பிறகு அந்த இறுதிக் கட்டத்தில் படம் சீராக ஓடுகிறது. எண்ணிக்கை பெருநகர விமான நிலையங்களில் இறங்கத்தான் செய்கிறது. ஆனால் சட்டென்று அறுந்து விழாமல் படிப்படியாக இறங்குகிறது.

எந்தப் ப்ராசஸரும் அமைப்புகளைக் கவனிக்காதவரைக் காப்பாற்றாது. ‘டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெய்ல்’ எனும் அளவையை 2020 பதிப்பில் 400 வரை ஏற்றலாம். மெயின் த்ரெட்டை அதிகமாகச் சுரண்டுவது இதுவே. பெரிய விமான நிலையத்தில் இறங்கும்போது 100க்கும் 150க்கும் இடையே வைத்தால் கண்ணுக்குப் பெரிய இழப்பு இல்லை. சிறிய செஸ்னாவில் மலைகளுக்கிடையே பறக்கும்போது தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம். தரையில் நிற்கும் விமானங்களின் எண்ணிக்கையும், காக்பிட் திரைகளின் புதுப்பிப்பு வேகமும் அடுத்தபடியாக நேரம் தின்பவை. மேகங்களின் தரமோ கிராபிக்ஸ் கார்டைத்தான் சோதிக்கும். அதைக் குறைத்துவிட்டு மெயின் த்ரெட்டின் சுமை குறையவில்லையே என்று வருந்திப் பயனில்லை.

வாங்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மவுண்ட் ரோட்டிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்து, ஃப்ளைட் சிமுலேட்டருக்குக் கணினி வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலான கடைகளில் கிடைக்கும் முதல் பதில் ஒன்றுதான். “சார், கேம்னாலே கிராபிக்ஸ் கார்டுதான் சார். ப்ராசஸர் ஐ5 போட்டுக்கங்க, மிச்சக் காசுல கார்டைப் பெருசாக்கிடலாம்” என்றார் ஒரு கடைக்காரர். அவர் ஏமாற்றப் பார்க்கவில்லை. பத்து வாடிக்கையாளர்களில் ஒன்பது பேருக்கு அது சரியான அறிவுரை. பத்தாவது ஆளாகப் போகிறவர் பாகங்களின் பட்டியலைக் கையில் எழுதிக்கொண்டு போவது நல்லது. இணையக் கடைகளின் விலையையும் அங்கேயே நின்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். தெருவில் சொல்லும் விலை ஜிஎஸ்டி 18 விழுக்காட்டைச் சேர்த்தா சேர்க்காமலா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பில் இல்லாமல் விலை குறைகிறது என்பதற்காக ப்ராசஸரையோ கார்டையோ எடுத்தால், மூன்று ஆண்டு உத்தரவாதத்தை நாமே கைகழுவியதாக ஆகும்.

ரேம் விஷயத்தில் நான் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல ப்ராசஸர் வாங்கியவர்களும் சறுக்குவது இங்கேதான். மைக்ரோசாஃப்ட் 2024 பதிப்புக்குக் குறைந்தபட்சம் 16 ஜிபி, பரிந்துரை 32 ஜிபி, உகந்தது 64 ஜிபி என்று அறிவித்திருக்கிறது. விரிவாகச் செய்யப்பட்ட பயணிகள் விமானம், தனியாக வாங்கிய விமான நிலையம், பின்னணியில் வரைபடமும் ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) மென்பொருளும் என்று சேரும்போது 32 ஜிபி நிரம்பத் தொடங்கிவிடுகிறது. ஃபீனிக்ஸ் ஏ320 போன்றவை விமானத்தின் கருவிகளைத் தனி நிரலாகச் சிமுலேட்டருக்கு வெளியே ஓட்டுகின்றன. அதற்கும் இடம் வேண்டும். இருந்தும், 2025இன் பிற்பகுதியிலிருந்து மெமரி விலை ஏறிக் கிடக்கும் நிலையில், எல்லோரையும் 64 ஜிபி வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மைக்ரோசாஃப்ட்டோடும் எக்ஸ்-ப்ளேனோடும் நிற்பவர் 32 ஜிபியில் நிறைவாகவே பறக்கலாம். டிசிஎஸ்ஸில் பலர் கூடும் சர்வர்களில் போர் விமானம் ஓட்டுகிறவருக்கு 64 ஜிபி ஆடம்பரம் அல்ல.

ரேம் எவ்வளவு வாங்கினாலும் இரண்டே குச்சிகளாக வாங்குங்கள். இப்போது இரண்டு, பிறகு இரண்டு என்று நான்கு இடங்களையும் நிரப்பிக்கொள்ளலாம் என்ற பழைய டிடிஆர்4 காலத்துச் சிக்கனம் இந்தப் ப்ராசஸர் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட் மதர்போர்டில் பலிப்பதில்லை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம், இரண்டு குச்சிகளுக்கு 5200. நான்கு குச்சிகளுக்கு 3600. நடைமுறையில் டிடிஆர்5-6000 வேகமும் சிஎல்30 தாமத அளவும் கொண்ட இரண்டு குச்சி கிட் இந்தப் ப்ராசஸரோடு எளிதாக ஒத்துப்போகிறது. அதையும் பெட்டியிலிருந்து எடுத்துச் செருகினால் மட்டும் போதாது. மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸுக்குள் போய், ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கும் வரை அது 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அசெம்பிள் செய்து கொடுக்கும் கடைகளில் பலர் விண்டோஸ் திறந்ததும் வேலை முடிந்தது என்று அனுப்பிவிடுகிறார்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து வேகத்தைப் பார்த்துவிட்டுக் கணினியைக் கையில் வாங்குவது நல்லது. முதன்முறை இயக்கும்போது மதர்போர்டு ரேமைப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். மின்விசிறிகள் சுழலும், சிறு எல்இடி விளக்கு எரியும், திரை மட்டும் சில நிமிடங்கள் இருண்டே இருக்கும். பதறிப்போய் ஸ்விட்சை அணைத்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பொறுத்திருக்க வேண்டும்.

பயாஸ் என்றதும் இன்னொன்று. 2023இல் இந்தப் ப்ராசஸர் வெளிவந்த புதிதில், சில மதர்போர்டுகள் எஸ்ஓசி (ப்ராசஸருக்குள் நினைவகக் கட்டுப்பாடு போன்றவை உள்ள பகுதி) மின்னழுத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றியதால் சில ப்ராசஸர்கள் கருகிய செய்தி வந்தது. அதன்பின் ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தும் திருத்தத்தைக் கொடுத்தது. கிடங்கில் நெடுநாள் இருந்த மதர்போர்டு கைக்கு வந்தால், எக்ஸ்போவை இயக்கும் முன் பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். மற்றபடி மதர்போர்டில் காசைக் கொட்டத் தேவையில்லை. இந்தப் ப்ராசஸர் இழுக்கும் மின்சாரத்துக்கு நடுத்தர பி650 போர்டே போதும். பின்புறம் எத்தனை யுஎஸ்பி துளைகள் இருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள், காரணம் பிறகு வரும்.

கிராபிக்ஸ் கார்டில் நான் பார்த்தது வேகத்தைவிட நினைவகத்தை. விரிவான விமான நிலையமும் உயர்தர டெக்ஸ்சர்களும் சேர்ந்தால் 8 ஜிபி நிரம்பிவிடுகிறது; நிரம்பிய மறுகணமே ஓட்டம் ஸ்லைடு ஷோவாகிவிடும். மைக்ரோசாஃப்ட்டே 2024 பதிப்புக்கு 8 ஜிபியைப் பரிந்துரையாகவும் 12 ஜிபியை உகந்ததாகவும் சொல்கிறது. 1440பி (2560 × 1440 புள்ளி) திரைக்கு 12 ஜிபியைக் கீழ் எல்லையாக வைத்து, முடிந்தால் 16 ஜிபிக்குப் போவது நிம்மதி. என்னிடம் இருப்பது என்விடியா ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ சூப்பர், 16 ஜிபி. இப்போது புதிதாக வாங்குபவர் அதன் இடத்தில் 5070 டிஐயையோ ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டியையோ பார்ப்பார். இரண்டும் 16 ஜிபிதான்.

ஃப்ரேம் ஜெனரேஷன் எனும் வசதியைத் துப்பாக்கி விளையாட்டுக்காரர்கள் இகழ்வதுண்டு. இரண்டு உண்மையான ஃப்ரேம்களுக்கு இடையே கார்டு தானே ஒன்றை உருவாக்கிச் செருகுவதால், கை அசைவுக்கும் திரை அசைவுக்கும் இடையே தாமதம் கூடுகிறது என்பது அவர்களின் குறை. எழுபது டன் எடையுள்ள விமானத்தை ஓட்டும்போது அந்தத் தாமதம் ஒரு பொருட்டாகவே இல்லை. மேலும், மெயின் த்ரெட் திணறும்போது ப்ராசஸரைத் தொந்தரவு செய்யாமல் படத்தைச் சீராக்கும் வழி இது ஒன்றே என்பதால், விமான சிமுலேட்டருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. உண்மையான ஃப்ரேம்கள் முப்பதுக்குக் கீழே போய்விட்டால் மட்டும் இதுவும் கைகொடுப்பதில்லை. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் மூலம் படத்தைக் குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கும் வசதியில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. வெளிக்காட்சி நன்றாகவே இருக்கும். ஆனால் ஏ320இன் பறப்புத் திரையில் உயர எண்கள் உருளும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் மங்கிய நிழல் ஒன்று இழுபடும். புதிய டிஎல்எஸ்எஸ் பதிப்புகளில் இது குறைந்திருக்கிறது. ப்ராசஸர்தான் தடை என்ற நிலையில் இந்த வசதியால் ஃப்ரேமும் கூடாது என்பதால், நான் படத்தை முழு அளவிலேயே வரைந்து விளிம்புகளை மட்டும் மென்மையாக்கும் டிஎல்ஏஏவிலேயே நிறுத்திக்கொண்டேன்.

மின்சாரத்துக்கு வருவோம். ப்ராசஸர் அதிகம் இழுக்காது. கார்டுக்கு 285 வாட். தரமான 750 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி) தாராளம். நம் ஊரில் அதைவிட முக்கியம் யுபிஎஸ். வீட்டுக் கணினிக்கென்று கடைகளில் எடுத்துக் கொடுக்கும் 600 விஏ யுபிஎஸ் உண்மையில் தரக்கூடியது 360 வாட்தான்; பறந்துகொண்டிருக்கும் கணினியும் மானிட்டரும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். விளைவு, மின்சாரம் போன நொடியில் யுபிஎஸ் ஒருமுறை கத்திவிட்டுத் தானும் அணைந்துவிடும். 1000 விஏ அல்லது அதற்கு மேல், 600 வாட் தருவதாகப் பார்த்து வாங்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்ட நினைப்பவர், அது சைன் வேவ் வகையா என்பதையும் பின்புறத்தில் யுபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சாதாரண மோடில் மின்சாரம் மாறும் இடைவெளியை ஒரு மின்விசிறி தாங்கிவிடும், எஸ்எம்பிஎஸ் தாங்காமல் போகலாம். நான்கு மணி நேரப் பயணத்தின் இறுதியில், இறங்கத் தொடங்கியபோது மின்சாரம் போய்க் கணினி அணைவதைப் போன்ற வெறுப்பு வேறெதுவும் இல்லை.

கூலருக்குத் திரவ வகை வேண்டியதில்லை. இரண்டு மின்விசிறி கொண்ட நல்ல ஏர் கூலர் போதும். மேலே அடுக்கிய கேஷ் வெப்பத்தை ஓரளவு தடுப்பதால், வாட் குறைவாக இருந்தும் வெப்பநிலை எதிர்பார்த்ததைவிட உயரமாகவே காட்டும். 89 டிகிரி வரை ஏஎம்டியே அனுமதிக்கிறது. கோடையில் எழுபதுகளின் பிற்பாதியைப் பார்த்து அஞ்ச வேண்டாம்.

எஸ்எஸ்டியில் பிசிஐஇ 4 வகை 2 டிபி போதுமானது. எக்ஸ்-ப்ளேனுக்குச் செயற்கைக்கோள் படத் தரைக்காட்சிகளைச் சேர்ப்பவர் மட்டும் கூடுதல் இடம் பார்த்துக்கொள்ளட்டும். 2024 பதிப்பு வட்டில் சிறிது இடமே கேட்கும். காட்சியில் பெரும்பகுதியைப் பறக்கும்போதே இணையத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. இணைய வேகத்துக்குப் பரிந்துரை 50 எம்பிபிஎஸ். கணினி மாடியிலும் ரவுட்டர் கீழேயும் இருந்தால் ஒரு லேன் கேபிளை இழுத்துவிடுவது, ரூபாய்க் கணக்கில், இந்தப் பட்டியலிலேயே மலிவான மேம்பாடு.

கைக்கருவிகளைக் கடைசியில் மிச்சப் பணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் ஒதுக்குகிறார்கள், அது சரியல்ல. கீபோர்டில் ஓட்டப்படும் விமானத்துக்கு எந்தப் ப்ராசஸராலும் உயிர் வராது. ஜாய்ஸ்டிக் வாங்கும்போது உள்ளே இருப்பது காந்தத்தால் அசைவை உணரும் ஹால் சென்சாரா, பொட்டென்ஷியோமீட்டரா என்று பாருங்கள். த்ரஸ்ட்மாஸ்டரின் டி.16000எம் முதல் வகை. லாஜிடெக்கின் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ இரண்டாம் வகை. பொட்டென்ஷியோமீட்டர் உராய்ந்து தேய்வது என்பதால், தூசியும் ஈரப்பதமும் உள்ள கடலோர ஊரில் நாளடைவில் நடுப்புள்ளி நடுங்கத் தொடங்கும். கையை எடுத்தாலும் விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். தலையசைவுக்கு ஏற்பக் காட்சி திரும்ப ட்ராக்ஐஆர் எனும் கருவியை வாங்கலாம். ஓபன்ட்ராக் எனும் இலவச மென்பொருளும் ஒரு சாதாரண வெப்கேமராவும் அந்த வேலையில் முக்கால்வாசியைச் செய்துவிடுகின்றன. ஜாய்ஸ்டிக், த்ராட்டில், பெடல், கேமரா என்று சேர்ந்தால் யுஎஸ்பி துளைகள் தீர்ந்துபோகும்; முன்பு எண்ணிப் பார்க்கச் சொன்னது இதனால்தான். ஹப் தேவைப்பட்டால் தனி அடாப்டர் உள்ளதை வாங்கி, விண்டோஸில் யுஎஸ்பி மின்சேமிப்பு அமைப்பை நிறுத்திவிடுங்கள். இல்லையேல் நீண்ட பயணத்தின் நடுவே த்ராட்டில் தூங்கிவிடும்.

7800எக்ஸ்3டியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். வீடியோ ரெண்டரிங், பெரிய நிரல்களைக் கம்பைல் செய்வது போன்ற வேலைகளில் இதே விலைக்குக் கிடைக்கும் கூடுதல் கோர் ப்ராசஸர்கள் இதை எளிதாக முந்துகின்றன; பகலில் அலுவலும் இரவில் பறப்பும் ஒரே கணினியில் என்றால் யோசிக்க வேண்டும். கேஷை மேலே அடுக்கியிருப்பதால் வழக்கமான ஓவர்க்ளாக்கிங்குக்கு (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்கு) இடமில்லை. 4கே திரையில் எல்லா அமைப்பையும் உச்சத்தில் வைத்து, பரபரப்பில்லாத சிறு விமான நிலையங்களுக்கு மட்டுமே போகிறவருக்கு இந்தப் ப்ராசஸரின் பலன் பாதியாகக் குறைந்துவிடும். அங்கே தடை கார்டுதான். விஆர் கண்ணாடி அணிபவருக்கு இரண்டுமே வேண்டும். அது வேறு பட்ஜெட்.

முந்தைய தலைமுறையின் ஏஎம்4 மதர்போர்டை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இதற்காக மதர்போர்டையும் ரேமையும் சேர்த்து மாற்றும் முன் ஒருமுறை நிதானிக்கலாம். அதே 96 எம்பி கேஷோடு 2024 ஜனவரியில் வந்த 5700எக்ஸ்3டி, உச்ச வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ்தான் என்றாலும், பழைய ரைசன் 5 3600 போன்றவற்றிலிருந்து வருபவருக்குச் சிமுலேட்டரில் பெரிய தாவலாக இருக்கும். இருக்கும் டிடிஆர்4 ரேமும் வீணாகாது. மெமரி விற்கும் இன்றைய விலையில் அது சிறு லாபம் அல்ல. அந்த ப்ராசஸரும் 5800எக்ஸ்3டியும் புதிதாகக் கிடைப்பது அரிதாகி வருவதால் பழைய பொருளாகத்தான் அகப்படக்கூடும். அப்படி வாங்குபவர் அடியில் உள்ள ஊசிகளில் ஒன்றுகூட வளையவில்லை என்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தம் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கு ஆதரவு தரும் பயாஸ் பதிப்பைத் தேடி, பழைய ப்ராசஸர் செருகியிருக்கும்போதே அதை ஏற்றிவிட வேண்டும். கழற்றிய பிறகு நினைவுக்கு வந்தால், பல மதர்போர்டுகளில் பழையதை மீண்டும் மாட்டித்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.